அப்பா சேர்த்துவிட்ட பிள்ளைகள்

அப்பா எங்களைவிட்டுக் கர்த்தரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர் என்றால் குறையே இல்லாத மனிதராக எழுதுவதுதான் வழக்கம். அப்படி எழுதினால் அப்பாவே சிரித்துவிடுவார்கள். அதனால் மூத்த பிள்ளையாகிய நான், அப்பா செய்த ஒரு தவறையும் அதற்காக அவர்கள் பட்ட பாட்டையும் சேர்த்தே எழுதுகிறேன். அந்தத் தவறால் லாபம் அடைந்தவள் நான்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பிறந்த அப்பா, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். தாத்தா நோயில் படுத்துவிட்டதால் லாரியில் கிளீனராக ஏறி, பிறகு டிரைவரானார்கள். அம்மாவைக் கைப்பிடித்தபின் ராஜபாளையத்தில் குடியேறி, ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் பேருந்தை ஓட்டத் தொடங்கினார்கள். தினமும் பேருந்தில் ஏறும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அப்பாவுக்குப் படிப்பின் மேல் அப்படியொரு மயக்கம். மார்க் குறைந்தால்கூடத் திட்ட மாட்டார்கள். புத்தகம் காலில் பட்டுவிட்டால் அன்றைக்கு எனக்குப் பூசைதான்.

அந்தக் கல்லூரியில் ஒரு நடைமுறை இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், பேராசிரியர் முதல் டிரைவர் வரை எல்லாரும் வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்துவிட வேண்டும். பேராசிரியர்கள் நோட்டீசைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிடுவார்கள். அப்பாவை மட்டும் வீட்டுக்காரர்கள் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். பேருந்து போகிற வழியெல்லாம் பழகிய முகம் அல்லவா.

“எம் பிள்ளையவும் அங்கதான் சேக்கேன். நாலு வருசம் பல்லக் கடிச்சிக்கிட்டாப் போதும்” என்பார்கள்.

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் ஒரு அம்மா, அந்த வார்த்தையை நம்பிக் கடன் வாங்கி, மூத்த மகளை என் வகுப்பிலேயே சேர்த்தார்கள். அவர்களிடம் அப்பா சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அப்பா சேர்த்துவிடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் என் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கல்லூரி தள்ளுபடி செய்தது. ஏறக்குறைய ஒன்றும் கட்டாமலேயே நான் படித்தேன்.

மற்ற பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஆண்டு கட்டணம் ஏறியது. பேருந்துக்குத் தனி, லேபுக்குத் தனி, வேலைவாய்ப்புப் பயிற்சிக்குத் தனி. பயிற்சி நடந்தது, வேலைதான் வரவில்லை. படிப்பு முடிந்து எனக்கு ஒரு நூற்பாலை அலுவலகத்தில் இடம் கிடைத்தது. எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த அக்கா பன்னிரண்டாம் வகுப்புதான். அவருக்குக் கொடுத்த சம்பளத்தையே எனக்கும் கொடுத்தார்கள். தளவாய்புரத்துப் பிள்ளை இரண்டு வருடம் வேலைக்கு அலைந்துவிட்டு, தன் அம்மாவுக்குப் பக்கத்திலேயே ஒரு தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒருநாள் அப்பா பேருந்தை நிறுத்தியபோது அவள் நைட்டிக் கட்டோடு சாலையோரம் நின்றிருக்கிறாள். “நல்லாயிருக்கியளா மாமா?” என்று கேட்டிருக்கிறாள். அன்று அப்பா சாப்பிடவில்லை.

“ஒரு வார்த்த கொற சொல்லலட்டி அவ. ஏசியிருந்தா நல்லாருந்திருக்கும்” என்றார்கள்.

அந்தக் கோடையில், பிள்ளை சேர்க்கப் போக மாட்டேன் என்று கல்லூரியில் சொல்லிவிட்டு வேலையையும் விட்டார்கள். தேங்காய் ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டப் போனார்கள். அதோடு விட்டிருந்தால் எனக்கும் நிம்மதி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், தாம் பிள்ளை சேர்த்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் உண்மையைச் சொல்லப் புறப்பட்டார்கள்.

“இப்ப போய்ச் சொல்லி என்ன ஆவப் போவுது? நம்ம மானந்தான் போவும்” என்று நான் சண்டை போட்டேன்.

“போவட்டும். நீயும் வா” என்றார்கள்.

தளவாய்புரத்தில் அந்த அம்மா தைத்துக்கொண்டிருந்தார்கள். வெளிவிவரம் தெரியாமல் ஆசை காட்டிவிட்டதாக அப்பா சொல்லி முடித்ததும், மிஷினை நிறுத்தினார்கள்.

“நீங்க சொல்லித்தான் சேத்தேன் அண்ணாச்சி. ஒங்க பிள்ளைக்கு எம்புட்டு கட்டினிய?”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. “பெருசா ஒண்ணும் கட்டலம்மா. ஒங்க பிள்ளையச் சேத்து விட்டதுக்குத்தான் எம் பிள்ளைக்குக் கழிச்சாங்க.”

அந்த அம்மா அழவில்லை, ஏசவும் இல்லை. “இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லா” என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி தைக்கத் தொடங்கினார்கள். எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. வெட்கத்தில் நான் முதல் ஆளாக வெளியே வந்துவிட்டேன். அப்பாவோ திரும்பும் வழியில் சேத்தூரில் வண்டியை நிறுத்தி டீ குடித்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அவர்கள் முகம் தெளிந்திருந்தது.

சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்தபோது ஆஸ்பத்திரியில் பத்து நாட்கள் இருந்தார்கள். அந்த நாட்களில் முறைவைத்து உடனிருந்த சித்தப்பா குடும்பத்துக்கும், முகம் சுளிக்காமல் கவனித்த நர்சுகளுக்கும், ஜெபித்த போதகருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த டிரைவர் மாமாக்களுக்கும் அம்மாவும் தம்பியும் நானும் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். இன்னும் ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

போன மாதம் தளவாய்புரத்து அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இளைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாளாம்.

“எங்க சேக்கன்னு ஒண்ணும் வெளங்கல. ஆளாளுக்கு நோட்டீஸ் கொண்டாராங்க. ஒங்க அப்பா இருந்தா அவியகிட்டத்தான் கேட்டிருப்பேன். வீடு தேடி வந்து உண்மையச் சொன்னது அவிய ஒருத்தர்தான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லாத என் சம்பளத்தை அவர்களிடம் சொன்னேன். எந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கிறது, யாரிடம் விசாரிக்கலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசினோம்.

சொந்தங்களே, நண்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும் முன் சங்கடப்படாமல் என்னிடமும் வந்து கேளுங்கள். பி.இ. படித்த நான் என்ன சம்பளம் வாங்குகிறேன் என்பதையும், அந்தப் பட்டத்துக்கு யார் வீட்டுப் பணம் போனது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.