சபாவில் மைக் தட்டும் சத்தம்

தாம்பரத்தில் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய சங்கீத சபா ஒன்று பூட்டிக் கிடக்கிறது. உள்ளே பேய் இருக்கிறதாம். மழை பெய்தால் யாரோ மைக்கைத் தட்டுகிற சத்தம் கேட்கிறதாம். பக்கத்து வீட்டு அக்கா இதைச் சொன்னபோது எனக்குப் பயம் வரவில்லை, ஆசைதான் வந்தது.

அந்த சபாவில் கடைசிவரை மைக் செட் பார்த்தவர் என் கணவர். கச்சேரிக்கு முன்னால் மைக்கைத் தட்டி, காலி நாற்காலிகளைப் பார்த்து, "கேக்குதா?" என்பார். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார்.

மழை விட்ட ஒரு மத்தியானம் வாட்ச்மேனைக் கெஞ்சி உள்ளே போனேன். "சீக்கிரம் வந்துடும்மா, பேஜாரான எடம்" என்று அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். இருட்டில் ஒரு நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தேன்.

டொக், டொக். மேடையிலிருந்துதான் வந்தது.

"கேக்குதுங்க! நல்லா கேக்குது!" என்று கத்திவிட்டேன்.

வாட்ச்மேன் டார்ச்சோடு ஓடிவந்தார். மேடையில் கிடந்த பழைய ஸ்பீக்கர் பெட்டி மேல் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி சொட்டிக்கினு கீது. இதுக்கா பயந்துட்ட? அழாதம்மா" என்றார்.

பயத்திலா அழுதேன்? பேய் இல்லையே என்றுதான் அழுதேன்.

இப்போதெல்லாம் எந்தக் கச்சேரிக்கும் கூட்டம் வருவதற்கு முன்பே போய்விடுகிறேன். மைக் செட்காரர் காலி நாற்காலிகளைப் பார்த்து "கேக்குதா?" என்றதும், கையைத் தூக்கி, "கேக்குதுப்பா" என்கிறேன்.

– ஒரு வாசகி, அஸ்தினாபுரம்