என்மேல் குற்றம் சொல்ல மறுத்தவர்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம். ஏற்காட்டு மலையில் மிளகு பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம்.

நான் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்தவள். கம்ப்யூட்டர் படித்து, பெங்களூரில் சில வருடம் குப்பை கொட்டிவிட்டு, இனி எனக்கு நானே மேனேஜர் என்று மலைக்கே திரும்பி வந்துவிட்டேன். எஸ்டேட் ஆபீஸ், ரிசார்ட், ஹோம்ஸ்டே என்று எங்கே நெட் வேண்டும், கேமரா வேண்டும் என்றாலும் வயர்ச் சுருளும் லேப்டாப்புமாக ஸ்கூட்டரில் போய் இறங்குவேன்.

ஒரு ரிசார்ட்காரர் மட்டும் கறாராகச் சொன்னார், பப்ளிக் லயபிலிட்டி பாலிசி இருந்தால்தான் வேலை என்று. என் வேலையால் வெளியாள் யாருக்காவது அடிபட்டாலோ, அவர்கள் பொருள் சேதமானாலோ, நான் தரவேண்டிய நஷ்டஈட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனி தரும். பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். "கம்ப்யூட்டர் தட்டறவ, யாரு மண்டைய உடைக்கப் போறே?" என்று வீட்டில் என்னை ஓட்டாத ஆள் இல்லை. எனக்கும் அது தண்டம் என்றுதான் நினைப்பு.

மண்டை உடையவில்லை. கால் உடைந்தது.

வெள்ளக்கடை ஊருக்கு மேலே ஓர் எஸ்டேட்டில், ஆபீஸிலிருந்து கெஸ்ட் ஹவுஸ் வரைக்கும் நெட் வயர் இழுத்துக் கொடுத்திருந்தேன். மண்ணில் புதைத்தால் களை கொத்தும்போது வெட்டிவிடுவார்கள் என்று சில்வர் ஓக் மரங்களில் உயரமாகக் கட்டிக்கொண்டு போனேன். பெரிய புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டது வேறு. அதே மரங்களில்தான் மிளகுக்கொடி ஏறும், ஏறுகிற கொடி என் வயரையும் சேர்த்து மூடும், பறிப்பு வந்தால் அங்கேதான் ஏணி சாய்ப்பார்கள் என்பது மலையிலேயே பிறந்த எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்!

அன்றைக்கு மிளகு பறிக்க வந்தவர், சின்ன வயதிலிருந்தே என்னைத் தெரிந்த அண்ணன் ஒருவர், மரத்தில் சாய்ப்பதாக நினைத்துத் தன் மூங்கில் ஏணியை இலைக்குள் மறைந்திருந்த வயர்மேல் சாய்த்திருக்கிறார். பாதி ஏறியதும் கட்டு அறுந்து வயர் தொங்கிவிட்டது. ஏணியோடு மனிதர் கீழே. தொடை எலும்பு முறிந்துபோனது.

அவர் எஸ்டேட்டின் நிரந்தரக் கூலியாள் இல்லை. சீசனுக்கு மட்டும் கான்ட்ராக்டில் வருபவர். அதனால் எஸ்டேட்டில் கையை விரித்துவிட்டார்கள். சேலத்தில் பிளேட் வைத்து ஆபரேஷன் ஆனது. அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கித்தான் ஆஸ்பத்திரிக்குக் கட்டினார்கள். ஏணி ஏறுவதே பிழைப்பான மனிதர், வீட்டில் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

விபத்து நடந்த அன்றே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன். போனில் பேசிய அதிகாரி, "நடந்ததை மட்டும் சொல்லுங்க. தப்பு என்னுதுன்னோ, பணம் தர்றேன்னோ நீங்களா வாக்குக் கொடுத்துடாதீங்க. எங்க சர்வேயர் வந்து விசாரிச்சு முடிவு சொல்வார்" என்றார். நானும் வாயைக் கட்டிக்கொண்டு, "கம்பெனில இருந்து ஒருத்தர் விசாரிக்க வருவாருங்கண்ணா" என்று மட்டும் அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தேன். விசாரிக்க என்ற சொல் எங்கள் பக்கத்தில் எப்படிக் கேட்கும் என்று யோசித்திருக்க வேண்டும்.

சர்வேயர் அடிவாரத்திலிருந்து காரில் மலையேறி வந்தார். கையில் ஃபைல், தோளில் கேமரா. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கும்பிட்டபடி சொன்னார்: "சார், இந்தக் கண்ணு மேல ஒரு தப்பும் இல்லீங்க. வயரும் இல்லை, ஒண்ணும் இல்லீங்க. என் கால்தான் வழுக்கிருச்சுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சர்வேயர் அதை அப்படியே எழுத ஆரம்பித்தார். "சார், வயர் என்னோடதுதான், நான்தான் கட்டினேன்" என்று குறுக்கே விழுந்தேன். "நீங்க சொன்னா மட்டும் பத்தாதும்மா. விழுந்தவரே வயர் இல்லைங்கறாரே" என்றார் அவர், பேனாவை நிறுத்தாமல்.

அண்ணனோ விடுவதாக இல்லை. "நொம்ப நல்ல புள்ளைங்க. எங்க கண்ணு முன்னால வளந்தது" என்று எனக்கு நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டே போகிறார். அவர் என்னைப் புகழப் புகழ, அவருக்கு வரவேண்டிய பணம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சமையலறைக்கு ஓடினேன். அவர் மனைவி காபி கலந்துகொண்டிருந்தார். "அக்கா, இது போலீஸ் கேஸ் இல்லைங்கக்கா. இந்த மாதிரி ஒருத்தருக்கு அடிபட்டா கொடுக்கறதுக்குத்தான் வருஷா வருஷம் நான் பணம் கட்டறேன். அண்ணன் வயர் இல்லைன்னு சொன்னா, ஒத்தப் பைசா வராது" என்று மூச்சு விடாமல் கொட்டினேன்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். முந்தானையைச் செருகிக்கொண்டு வெளியே போனார்.

"ஏனுங்க, நீங்க யாரைக் காப்பாத்தறீங்க? அந்தப் புள்ளைய ஒருத்தரும் புடிச்சுட்டுப் போகலை. நம்மளுக்குக் குடுக்கத்தான் இவரு வந்திருக்காரு. உள்ளதைச் சொல்லுங்க!"

அண்ணன் சர்வேயரைச் சந்தேகமாகப் பார்த்தார். "நெசமாலுமே கேஸ் இல்லீங்களா? புள்ளைக்கு ஒண்ணும் வராதுங்களே?"

சர்வேயருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றும் வராது என்று உறுதி சொல்லி, எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார்.

அப்புறம் பிடித்தார் பாருங்கள் அண்ணன்! வயர் எந்த மரத்தில் போனது, கட்டு எப்படி அறுந்தது, ஏணி எந்தப் பக்கம் சரிந்தது, எதையும் விடவில்லை. "ஏணி சாய்க்கற இடத்துல எந்தக் கிறுக்கனாச்சும் வயர் கட்டுவானுங்களா?" என்றுவிட்டு, என் பக்கம் திரும்பி, "கோச்சுக்காத சாமி" என்று ஒரு சமாதானம். இப்படி ஒரு குற்றம், ஒரு சமாதானம் என்று போனது. நான் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினேன்.

அங்கிருந்து சர்வேயரை எஸ்டேட்டுக்குக் கூட்டிப்போனேன். அறுந்த கட்டும் தொங்கிய வயரும் அப்படியே இருந்தன. படம் எடுத்துக்கொண்டார். மாதங்கள் சில ஆயின. போன் மேல் போன் போட்டு நச்சரித்தேன். கடைசியில் ஆஸ்பத்திரிச் செலவும், வேலைக்குப் போகாத நாட்களின் கூலியும் அண்ணன் கணக்கில் வந்து விழுந்தன. அக்கா போனில் சொன்னபோது, பஸ் ஸ்டாண்ட் என்றும் பாராமல் "ஜெயிச்சுட்டோம்!" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

அடுத்த சீசனில் அண்ணன் கால் ஊன்றி நடந்தார். அதற்கடுத்த சீசனில் ஏணி ஏறினார். என் வயரெல்லாம் இப்போது பாதையோரமாகக் குழாய்க்குள் போகிறது.

என்னைப் பாராட்டி யார் பேசினாலும் சந்தோஷம்தான்; ஆனால் ஒரு மனிதர் கட்டிலில் சாய்ந்துகொண்டு என் தப்பை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னபோது வந்த சந்தோஷம், இன்றுவரை எந்தப் பாராட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை.