திருகோணமலைக்குக் கிழக்கே மூன்று நாட்கள்

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருஷம் எங்கள் தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகத் தயாரானார். பூனாகலைப் பக்கத்தில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பெக்டரியில் நான் பன்னிரண்டு வருஷமாகப் பிட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்து அரைக்கும் ரோலர், அடுப்பு, எஞ்சின் எல்லாம் என் பொறுப்பு. கொழும்பில் கப்பலேறி ஒரே மாதத்தில் துரையும் அவர் மனைவி துரைசாணியும் சீமைக்குப் போய்விடுவார்கள் என்றுதான் தொழிலாளர் லயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துரை என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார். சாப்பாட்டு மேசை முழுவதும் ஒரு பெரிய வரைபடம் விரித்திருந்தது.

"கப்பல் இல்ல. போட்டுல போறோம். நானும் தொரசாணியும்," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "மோட்டர் போட்டுங்களா தொர?"

"பாய் கட்டுற போட்டு. காத்துல போறது. மொதல்ல ஆப்பிரிக்கா, அப்புறம் சீம."

திருகோணமலையில் ஒரு வெள்ளைக்காரர் பாதிப் பயணத்தில் விட்டுவிட்டுப் போன பாய்ப்படகை அவர்கள் வாங்கியிருந்தார்கள். முப்பத்திரண்டு அடி நீளம். இரண்டு வருஷமாகக் கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்ததால் எல்லாவற்றையும் புதிதாகப் போடவேண்டும். தண்ணீர்த் தொட்டி இரண்டு, மண்ணெண்ணெய் அடுப்புக்கு ஒரு சட்டம், பிறகு அதில் இருந்த சின்ன டீசல் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவது. இந்த வேலைகளுக்காகத்தான் கூப்பிட்டிருந்தார்.

நான் அதுவரை கடலைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. அப்புத்தளையில் மூடுபனி விலகுகிற சில காலைகளில் தெற்கே வெகு தூரத்தில் வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கோடு தெரியும். அதுதான் கடல் என்பார்கள். அந்தக் கோட்டின் மேல் இரண்டு பேர் ஆப்பிரிக்கா வரை போகப் போகிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "தொர சும்மா உங்களச் சோதிச்சுப் பாக்குறாரு," என்றாள்.

தண்ணீர்த் தொட்டிக்கான அளவைக் கொண்டுவந்தவர் துரைசாணி. படகின் வயிற்று வளைவுக்கு ஏற்றபடி அட்டையில் வெட்டி, ஒவ்வோர் ஓரத்துக்கும் எண் போட்டிருந்தார். தொட்டிக்குள்ளே மூன்று தடுப்புத் தகடு வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். அவர் குசினிக்குப் போய் ஒரு தட்டு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"நடங்க," என்றார்.

இரண்டு எட்டு வைத்ததும் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து என் சட்டையில் கொட்டியது. அவர் சிரித்தார். "கடல்ல நாலு பீப்பாத் தண்ணி இப்படி ஓடுனா தொட்டி ஒடஞ்சிரும். இல்லீங்களா?"

துரை தமிழ் படித்தது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், கங்காணிமார்களிடம். அதனால் யாரை ஏவினாலும் அவருக்கு 'வா', 'போ', 'செய்' என்றுதான் வரும். துரைசாணி படித்தது பங்களாச் சமையற்காரரின் மனைவியிடம். அவர் எல்லோரையும் 'வாங்க', 'இருங்க' என்றுதான் சொல்வார். தோட்டத்து நாயைக்கூட 'வாங்க' என்று கூப்பிட்டதாக ஒரு கதை உண்டு. ரோஜாச் செடி வளர்க்கிற அம்மா என்பதைத் தவிர அவரைப் பற்றி அப்போது எனக்கு வேறொன்றும் தெரியாது.

இரண்டு மாதத்தில் சாமான்களை முடித்து லொறியில் ஏற்றினோம். பதுளையில் இறங்கி, மகியங்கனை வழியாகப் பொலன்னறுவை தாண்டித் திருகோணமலை போய்ச் சேர்ந்தபோது எலும்பெல்லாம் கழன்றிருந்தது. அங்கே துறைமுகத்தின் ஓரத்தில் படகைக் கண்டேன். தண்ணீருக்கு மேலே தெரிகிற பாகம்தான் படகு என்று எண்ணியிருந்தேன். அதற்குக் கீழே இன்னொரு பாதி இருந்தது. மீனின் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்தது போல, ஆள் உயரத்தில் ஓர் இரும்புக் கனம் அடியில் தொங்கியது. காற்று எவ்வளவு சாய்த்தாலும் அந்தக் கனம் படகை நிமிர்த்திவிடும் என்றார் துரை. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இரும்பு தண்ணீரில் மூழ்கும் என்று மட்டுமே தெரிந்த எனக்கு, மூழ்காமல் இருப்பதற்காக இரும்பைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள் என்பது பெரிய வியப்பாக இருந்தது.

மூன்று கிழமை அந்தப் படகிலேயே தங்கி வேலை செய்தோம். லயத்தில் எங்கள் வீடு ஒரே அறை. அதில் நாங்கள் ஐந்து பேர். படகின் உள்ளறை அதைவிடச் சின்னது. ஆனால் அதற்குள் இரண்டு படுக்கை, குசினி, மேசை, மருந்துப் பெட்டி, புத்தகத் தட்டு, ஆறு மாதத்துக்குச் சாப்பாடு எல்லாம் அடங்கின. படுக்கைப் பலகையைத் தூக்கினால் அரிசி, பருப்பு. படிக்கட்டைத் தூக்கினால் எஞ்சின். டின் சாப்பாட்டின் காகிதத்தையெல்லாம் கிழித்துவிட்டுத் தகரத்தின் மேல் பெயின்டால் எழுதினார் துரைசாணி. ஈரத்தில் காகிதம் உரிந்து போய்ப் பம்பை அடைத்துவிடுமாம். முட்டை ஒவ்வொன்றுக்கும் வாஸ்லீன் பூசி அடுக்கினார். சாமான் கிடைப்பதே கஷ்டமாக இருந்த காலம் அது. என் மனைவி கொடுத்தனுப்பிய எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடியை அவர் இரண்டு கையாலும் வாங்கி, துணி சுற்றி, தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் மத்தியானம், ராத்திரி இருட்டில் தேடப் பழகவேண்டும் என்று என் கண்ணை ஒரு சீலைத் துண்டால் கட்டினார்.

"பம்பு எங்க? தொட்டுக் காட்டுங்க."

தடவிப் பார்த்தேன். கரண்டிதான் கிடைத்தது.

"மறுபடி."

ஏழாவது தடவைதான் பம்பின் கைப்பிடி அகப்பட்டது. பிறகு துரையின் கண்ணைக் கட்டினார். துரையும் கரண்டியைத்தான் எடுத்தார். கடைசியில் தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டு பம்பு, கோடாரி, கடல் தண்ணீர் உள்ளே வராமல் மூடுகிற அடைப்பு, ஆபத்துக்கு வெளிச்சம் விடுகிற பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, படகு யாருடையது என்று. அவருடைய தகப்பனார் கப்பலில் மாலுமியாக இருந்தவராம். பத்து வயதிலேயே மகளுக்குக் கடலில் வழிகாணச் சொல்லிக்கொடுத்துவிட்டாராம். மலைக்கு நடுவே ரோஜா வளர்த்துக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை.

படகைத் தண்ணீரில் இறக்கியபின், நெடும்பயணத்துக்கு முன்னால் மூன்று நாள் வெள்ளோட்டம் போகவேண்டும் என்று முடிவாயிற்று. தொட்டி ஒழுகுகிறதா, எஞ்சின் ஓடுகிறதா என்று பார்க்க நானும் போகவேண்டும். எனக்கு நீந்தத் தெரியாது என்றேன். "எனக்குந்தான் தெரியாது," என்றார் துரை. அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

வாடைக்காற்று மெல்ல வீசிய ஒரு காலையில் புறப்பட்டோம். கோணேசர் கோயில் இருக்கிற பாறையைத் தாண்டியதும் துரைசாணி எஞ்சினை நிறுத்தச் சொன்னார். சத்தம் நின்றது. பாய் ஒரு தடவை படபடத்துவிட்டு விறைத்தது. படகு சாய்ந்து, தானாக ஓடத் தொடங்கியது. எஞ்சினோடு பன்னிரண்டு வருஷம் வாழ்ந்தவன் நான். எண்ணெய் இல்லை, விறகு இல்லை, புகை இல்லை. அத்தனை கனமும் நகர்கிறது. என்னையறியாமல் பாய்மரத்தில் கை வைத்துப் பார்த்தேன். அது மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.

ஒரு மணி நேரத்தில் எனக்குக் குடலைப் பிரட்டிக்கொண்டு வந்தது. எனக்கு முன்பே துரை கீழே போய்த் தரையில் படுத்துவிட்டார். எனக்கு அன்று மாலையே சரியாகிவிட்டது; அவருக்கு ஆகவில்லை. பெரட்டுக் களத்தில் அவர் தொப்பி தெரிந்தாலே இருநூறு பேர் பேச்சை நிறுத்துவார்கள். அவர் ஒரு வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க," என்றார்.

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக 'குடுங்க' என்றார். துரைசாணியின் தமிழ் தொற்றிக்கொண்டதா, மயக்கத்தில் வந்ததா, சொல்லத் தெரியவில்லை. நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என் கையை விடாமல் வெகுநேரம் வைத்திருந்தார்.

துரை எழும்பாததால் சுக்கானைப் பிடிக்க இரண்டு பேர்தான் மிஞ்சினோம். துரைசாணி என்னை உட்காரவைத்து, கண்ணாடிக் கூட்டுக்குள் மிதந்த திசைகாட்டியைக் காட்டினார். "இந்தக் கோடு இந்த எண்ண விட்டுப் போகாமப் பாத்துக்குங்க. அவ்வளவுதான்." முதலில் படகு பாம்பு மாதிரி நெளிந்தது. பிறகு என் கைக்கு வசப்பட்டது. ஓர் அலை பின்னால் வந்து தூக்குவதை முதுகாலேயே தெரிந்துகொள்ளப் பழகினேன்.

இரண்டாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் எந்தப் பக்கமும் கரை இல்லை. மலையில் பிறந்தவனுக்கு எங்கே திரும்பினாலும் ஏதாவது ஒரு மலை நிற்கும். இங்கே கண் போய்த் தங்குவதற்கு ஒன்றுமில்லை. வட்டமாகத் தண்ணீர், கவிழ்த்த மாதிரி வானம், நடுவில் நாங்கள். பயமாக இருந்ததா என்று கேட்டால், பயம் இல்லை. பேசக்கூடாது போலிருந்தது.

அப்போதுதான் பக்கத்தில் யாரோ பெரிய மூச்சு விட்டது போல ஒரு சத்தம் கேட்டது. எங்கள் பெக்டரிப் பொயிலரில் நீராவி திறந்துவிட்டால் வருமே, அப்படி. திரும்பினேன். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு நீலச் சாம்பல் முதுகு எழுந்து உருண்டுகொண்டே இருந்தது. முடியும் முடியும் என்று பார்க்கிறேன், முடியவில்லை. எங்கள் படகு அதற்குப் பிள்ளை மாதிரி.

"திமிங்கிலம்," என்று துரைசாணி குசுகுசுத்தார். அவர் விரல்கள் என் தோளை இறுக்கியிருந்தன.

துரையும் சத்தம் கேட்டுப் படியில் தவழ்ந்து மேலே வந்துவிட்டார். மறுபடி அது எழுந்தபோது, அது விட்ட மூச்சின் ஈரம் எங்கள் மூன்று பேர் முகத்திலும் விழுந்தது. மீன் நாற்றம். யாரும் துடைத்துக்கொள்ளவில்லை. அது படகுக்கு அடியில் போனது. தெளிந்த தண்ணீரில் அதன் உடம்பு வெளிர் நீலமாக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நிதானமாகக் கடந்தது. வாலை ஒரு தடவை அசைத்திருந்தால் நாங்கள் இல்லை. அது அசைக்கவில்லை. துரை முழங்காலில் நின்று அழுதுகொண்டிருந்தார். நானும்தான்.

அதற்குப் பிறகு பார்த்ததும் அதற்குக் குறைந்ததில்லை. மத்தியானமானால் துரைசாணி ஒரு பித்தளைக் கருவியைக் கண்ணில் வைத்துச் சூரியனை அளப்பார். மரப்பெட்டிக்குள் இருந்த கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொள்வார். பிறகு கீழே போய், அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டிக் கூட்டிக் கழித்து, வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பார்.

மூன்றாம் நாள், திரும்பி வரும் வழியில், புள்ளி வைத்துவிட்டு மேலே வந்தார். வெறும் தண்ணீரைக் காட்டி, "நாலு மணிக்கு அங்க பாருங்க. கோணேசர் பாற வரும்," என்றார்.

நான் நம்பவில்லை. காற்று எங்கெங்கோ இழுத்து வந்திருக்கிறது, ராத்திரி நான் தூக்கக் கலக்கத்தில் எத்தனை தடவை வழி தவறவிட்டேனோ. சூரியனைப் பார்த்து ஒரு பாறை இருக்கும் இடத்தைச் சொல்ல முடியுமா? மூன்றரை மணியிலிருந்து வெயிலில் கண் கூசக் கூசப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணி தாண்டிச் சில நிமிஷம் இருக்கும். அவர் விரல் காட்டிய அதே இடத்தில், புகை மாதிரி ஒரு கறை. கொஞ்ச நேரத்தில் அதற்கு ஓரம் வந்தது. பாறை வந்தது.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கோணேசரைத்தான் கும்பிடுகிறேன் என்று துரைசாணி நினைத்திருப்பார். பாதிதான் சரி.

அவர்கள் புறப்படுவதற்கு முந்திய நாள் துரைசாணி என்னிடம் கேட்டார்: "நீங்களும் வாங்களேன், ஆப்பிரிக்கா வரைக்கும். மூணு பேர் இருந்தா எங்களுக்குத் தூக்கம் கிடைக்கும். அங்கயிருந்து உங்கள அனுப்பி வைக்கிறோம்."

"பாஸ்போட் இல்லீங்கம்மா."

"எடுக்கலாமே."

"தோட்டத்து ஆளுங்க எங்களுக்கு யாரு குடுப்பாங்க? பிரஜாவுரிம கேட்டு இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருக்கோம். அவங்களும் இன்னும் கூப்பிடல. இங்கயும் பிரஜைன்னு சொல்லல."

அவர் மேசையில் படகின் பத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். துறைமுகத்துக்குத் துறைமுகம் காட்டவேண்டியவை. படகின் பெயர், எந்த நாட்டுப் படகு, எந்தத் துறைமுகத்தில் பதிந்தது என்றெல்லாம் முத்திரையோடு எழுதியிருந்தது. அந்தக் காகிதங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவற்றைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அவர் முகம் சிவந்திருந்தது. எனக்குச் சங்கடமாகிவிட்டது. "வீட்டுல மூணு புள்ளைங்க இருக்கு, எப்படியும் வர முடியாதுங்கம்மா," என்றேன். அதுவும் உண்மைதான்.

மறுநாள் காலை பாறையின் மேல் ஏறி நின்று பார்த்தேன். துரை சுக்கானைப் பிடித்திருந்தார். துரைசாணி முன்னால் நின்று பாயை ஏற்றினார். கையசைக்கத் தோன்றவில்லை. வெள்ளைப் பாய் நகம் அளவாகி, அரிசி அளவாகி, ஒரு கட்டத்தில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போயிற்று. பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தேன்.

எட்டு மாதம் கழித்து ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னார். பத்திரமாக வந்துவிட்டோம், வழியில் தீவுகளில் பல மாதம் தங்கினோம், கடைசி ஒன்றரை மாதம் கரையே காணவில்லை, ஒரு புயலில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டோம், துரைக்கு இப்போது கடல் மயக்கம் வருவதில்லை என்று எழுதியிருந்தது.

அடுத்து வந்த தைப்பொங்கல் லீவில் மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பிபிலை வழியாகப் பஸ் மாறி மட்டக்களப்புக்குப் போனேன். கல்லடிக் கடற்கரையில் இறங்கியதும் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். மனைவி மணலில் நின்றுவிட்டாள். வாடைக் காலத்துக் கடல். அலை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தது. சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு போய்க் காலை நனைத்தாள். அலை இழுத்துப் போனபோது காலடி மணல் சரிய, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுலயாங்க அந்தம்மா போனாங்க?"

"ஆமா."

"எத்தன நாளு?"

"ஒன்றரை மாசம். கரையே இல்லாம."

 பிள்ளைகள் பசிக்கிறது என்று வந்து இழுக்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.