கப்பல் அறைக் கதவும் அம்மா சொன்ன பதிலும்

அம்மா இறந்து முப்பத்தொரு நாள். அவருடைய சக்கர நாற்காலி என் வாடகை வீட்டு நடையில் நிற்கிறது. அகலம் 64 சென்டிமீட்டர். நான் லிப்ட் பழுதுபார்ப்பவள். அளந்து பார்ப்பது பழக்கம்.

அம்மா பெயர் ஜீவராணி. தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருபத்தெட்டு வருடம் ரப்பர் பால் வெட்டினார். சர்க்கரை வியாதியில் வலது காலை எடுத்தார்கள். கொழும்பு ஆஸ்பத்திரியின் நான்காம் மாடி ஜன்னலில், கடலில் நின்ற கப்பலைக் காட்டிக் கேட்டார்:

"ஏன் ஷாமி, அதுக்குள்ள இந்த வண்டி போகுமா?"

போகும் என்றேன். தெரியாமல் சொன்னது.

நான்கு வருடம் கழித்து, திருகோணமலை போய்த் திரும்பும் மூன்று நாள் கப்பலில் எங்கள் இருவருக்கும் இடம் பதிந்தேன். சக்கர நாற்காலி நுழையும் அறைகள் அதில் இரண்டே. கதவு அகலம் 82 சென்டிமீட்டர். குளியலறையில் படி இல்லை. ஒன்று கிடைத்தது.

புறப்பட ஒன்பது நாள் இருக்கையில் போனில் புதிய சீட்டு வந்தது. அறை எண் மாறியிருந்தது. கதவு அகலம் 56. குளியலறை வாசலில் 15 சென்டிமீட்டர் படி. லிப்ட் குழிக்குள் நின்று மூன்று தடவை வாசித்தேன். ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

கப்பல் கம்பெனிக்கு போன் எடுத்தேன். துஷ்யந்தி என்ற பெண் பேசினார்.

"மிஸ், எங்க ஆள் நேத்து உங்க அம்மாகிட்ட பேசினாரு. நடக்க முடியும்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அந்த ரூமுக்கு வேற ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க. நாளைக்கு பத்து மணிக்கு குடுத்துருவோம்."

"அவங்களுக்கு ஒரு கால் இல்ல."

"அப்ப அவங்க வாயாலயே சொல்லணும். நீங்க சொல்லி மாத்த ஏலாது."

அம்மாவின் போன் அணைந்திருந்தது. மதிய பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன்.

"என்னம்மா சொன்ன?"

"ஒரு மாத்தயா சிங்களத்துல கேட்டாரு, நடக்க ஏலுமான்னு. ஹொந்தட்ட புளுவன்னேன். நல்லா நடப்பேன்னு."

"ஐயோ, ஏம்மா?"

"இல்லைன்னா பேர வெட்டிருவாங்கல்ல."

அப்போதுதான் அம்மா பழைய கதையைச் சொன்னார். கால் எடுத்த பிறகு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை லயத்து வீட்டுக்கு வந்து இதையேதான் கேட்டாராம். முடியாது என்றால் செக்ரோலில், தோட்டத்து வேலையாட்கள் பதிவேட்டில், பேர் போகும். பேர் போனால் வீடும் போகலாம். அம்மா நடப்பேன் என்றார். ஊன்றுகோலோடு எட்டு மாதம் மரங்களில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால் பொறுக்கினார். மிச்சமிருந்த காலும் அதில் ஊன்ற முடியாமல் ஆயிற்று. நான் அப்போது டெக்னிக்கல் காலேஜில் இருந்தேன். என்னிடம் சொன்னதேயில்லை.

"கப்பல் கம்பெனி நம்ம தோட்டமாம்மா?"

"ஆபீசுன்னா ஆபீசுதான். நீதான் லிப்டுக்காரியாச்சே, கதவக் கொஞ்சம் பெருசா வெட்டிர மாட்ட?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை சிக்னல் கொஞ்சம் நன்றாகக் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். இரண்டு தடவை லைன் அறுந்தது. ஒன்பது ஐம்பத்திரண்டுக்குத் துஷ்யந்தி கிடைத்தார்.

"சொல்லுங்கம்மா, நடக்க முடியுமா?"

அம்மா கீழே தெரிந்த தோட்ட ஆபீசைப் பார்த்தார்.

"கொஞ்ச தூரம்..."

நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தேன். அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"முடியாதுங்க. ஒரு எட்டுகூட வைக்க முடியாது."

போனை என்னிடம் நீட்டிவிட்டுக் கேட்டார்: "எத்தன பேருக்குக் கேட்டிருக்கும்?"

"ஒருத்தருக்குத்தாம்மா."

"அப்ப சரி."

பத்து இருபதுக்கு அறை திரும்பக் கிடைத்ததாகச் செய்தி வந்தது. 

கப்பல் அறைக் கதவில் நாற்காலிக்கு இருபக்கமும் ஒன்பது ஒன்பது சென்டிமீட்டர் மிச்சம். அம்மா உள்ளே போனார், வெளியே வந்தார், திரும்பவும் போனார்.

"என்னம்மா?"

"சும்மா. இடிக்குதான்னு பாக்குறேன்."

என் வாடகை வீட்டில் அறைக் கதவு அறுபது சென்டிமீட்டர். அம்மாவை ஒருநாளும் இங்கே கூட்டி வந்து வைத்துக்கொள்ளவில்லை. நாற்காலியை மடித்தால் உள்ளே போகும். நான் மடிக்கவில்லை.