கலங்காத குடுவை

இன்று டோல்கேட்டில் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டில் தேவராஜ் அண்ணன். பத்து வருஷத்துக்கு முன் எங்கள் கல்லூரி லேப் உதவியாளர்.

அப்போது எண்ணூர் சேற்றிலிருந்து அம்மோனியா தின்னும் பாக்டீரியாவை நாலு மாதமாக வளர்த்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெருகினாலும் குடுவை கலங்காது. அண்ணன் வெறும் தண்ணி என்று கொட்டிக் கழுவிவிட்டார்.

நான் அழுததைப் பார்த்து, மறுநாள் அவரே ஒரு வாளி சேறு அள்ளி வந்தார். அதில்தான் வளர்ந்தது, பட்டமும் வாங்கினேன்.

"இன்னும் கோவமா கீறியாம்மா?" என்றார். "அன்னிலேர்ந்து வூட்ல சொம்புத் தண்ணிகூட கேட்டுட்டுதான் கொட்றேன்."

சிரித்தேன். அந்தக் குடுவையில் எதுவுமே வளரவில்லை என்று அவர் கொட்டியதற்கு முந்தின நாள் சோதனையிலேயே எனக்குத் தெரியும். அழுதது அதற்குத்தான்.

ஸ்டாப் வந்துவிட்டது. இன்றும் சொல்லவில்லை.

நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?