இரண்டு அளவு பெரிய பாலே ஷூ

என் அம்மா எனக்கென்று வாங்கிய எதுவும் என் அளவில் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. பாவாடையில் நான்கு விரல் துணி உள்ளே மடிந்திருக்கும். பள்ளிச் சட்டையின் அரைக்கை முழங்கையைத் தாண்டித் தொங்கும். "வளர்ற புள்ளைங்க" என்று கடைக்காரருக்கும் தையல்காரருக்கும் ஒரே விளக்கம். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பாலே ஷூவிலும் அதே வேலையைக் காட்டியபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. துடியலூரிலிருந்து பஸ் ஏறி கோயமுத்தூர் கான்வென்டில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். ஆண்டு விழாவுக்காக எங்கள் எட்டுப் பேருக்கு நடன டீச்சர் பாலே சொல்லிக்கொடுத்தார். ஷூவை அவரே பெங்களூரிலிருந்து வரவழைத்தார். எலாஸ்டிக்கை மட்டும் அவரவர் வீட்டில் தைக்க வேண்டும். ஷூவின் குதிகாலை உள்ளே மடக்கி, மடிப்பு விழும் இடத்தில் பென்சிலால் குறித்து, பாதத்தை இழுத்துப் பிடிக்கிற மாதிரி தைக்கச் சொல்லிப் படமே போட்டுக் காட்டினார்.

அம்மா எழுதிக்கொடுத்த அளவில் வந்த ஷூ இரண்டு அளவு பெரிது. நுனியில் பஞ்சை அடைத்தாள். எலாஸ்டிக்கைத் தாராளமாக வெட்டித் தொளதொளவென்று தைத்தாள். நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்து மூன்று முறை பிரிக்க வைத்தேன். மூன்று முறையும் அப்படியேதான் தைத்தாள்.

"அடுத்த வருசத்துக்கும் ஆகோணுமில்ல கண்ணு" என்றாள்.

ஒத்திகையில் நான் சுழன்றபோது இடது கால் ஷூ கழன்று பறந்து, டீச்சரின் தண்ணீர் ஜக்கைத் தள்ளிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், டீச்சரைத் தவிர. நாளைக்கும் இப்படியே வந்தால் ஆட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில் நானே கத்தரிக்கோலை எடுத்தேன். இரண்டு ஷூவின் பின்பக்கத்தையும் பிளந்து, அதிகப்படித் தோலை வெட்டி, இரட்டை நூலில் தைத்தேன். எலாஸ்டிக்கையும் ஒட்ட நறுக்கி இறுக்கினேன். விரலெல்லாம் ஊசிக் குத்து. ஆனால் ஷூ காலைக் கவ்விப் பிடித்தது.

அம்மா திரும்பி வந்து ஷூவைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"வெட்டுன தோலு எங்க அம்மணி?"

குப்பைக் கூடையைக் கவிழ்த்து, துண்டுகளைப் பொறுக்கி, பிளந்த இடத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள். இத்தனூண்டு தோலைக்கூட விட மனமில்லையே இவளுக்கு என்று எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

விழாவில் நன்றாக ஆடினேன். அடுத்த வருடமும் பெயர் கேட்டார்கள். ஷூவுக்குள் என் குதிகால் நுழையவே இல்லை. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"பத்தலையா? அப்ப பேசுனபடி நிறுத்திப்போடு" என்றார் அம்மாவிடம்.

ஷூ வாங்கும்போதே அப்பா போட்ட நிபந்தனை அது: இந்த ஒரு ஜோடி ஷூ காலுக்குப் பத்துகிற வரை பெண் ஆடட்டும், அதற்குப் பிறகு மேடையேறக் கூடாது. எனக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் அம்மா இதைச் சொன்னாள். அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? இன்னும் கொஞ்சம் பெரிதாக வாங்கித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவளிடம்தான் சண்டைக்குப் போனேன்.