சித்தியின் குழாயும் கொஞ்சம் புளியும்

பித்தளை துலக்குவதில் எங்கள் வீட்டில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒன்பது வயதிலேயே நான் சம்பாதித்த பெயர் இது. மாதா கோவில் திருவிழாவுக்குக் கொடியேறப் போகிறது என்றால், வீட்டுப் பீடத்தில் இருக்கும் மெழுகுதிரித் தண்டுகள் ஆறும் சாம்பிராணிக் கிண்ணமும் தானாக என் கைக்கு வந்து சேரும். ஓர் உருண்டைப் பழம்புளி, ஒரு கை உப்பு, ஒரு கத்தைத் தேங்காய் நார். அவ்வளவுதான் என் ஆயுதங்கள். "எம் மவ தேச்சான்னா அதுல மொகம் பாத்துத் தலை சீவலாம்" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பாராட்டு ஒரு பிள்ளையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அந்த ஆடி மாதத்தில்தான் சித்தி குழாய் வாங்கினாள்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து போகும் சரக்குகளுக்குச் சுங்கத் தாள்கள் தயார் செய்து கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. கப்பல் எந்த நேரத்தில் வந்து கட்டினாலும் அவளுக்கு ஃபோன் வரும். பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு ஸ்கூட்டியை எடுப்பாள். அப்படிப்பட்டவள் கழுத்துக்கு ஒரு சங்கிலி வாங்குவாள் என்று வீடே காத்திருக்க, ஆள் உயரத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி லாரியில் வந்து இறங்கியது. பிரித்தால், உள்ளே வெள்ளைக் குழாய் ஒன்று. வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கியாம்.

பெரிய மாமா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மாமா தோணியில் தண்டல். சரக்குத் தோணியை நடத்தும் தலைவனை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். காற்றுக்காலத்தில் தோணிகள் மாலத்தீவுக்குப் போகாமல் கரையில் கிடக்கும். மாமாவும் எங்கள் வீட்டில் கிடப்பார். வேலையில்லாத தண்டலுக்கு வீடுதான் தோணி. நாங்களெல்லாம் அவருடைய வேலையாட்கள். தாத்தா போன பிறகு எங்கள் வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"ஏளா, முப்பது வருசமா வெறுங்கண்ணால வெள்ளி பாத்துதான் மாலத்தீவுக்குப் போயிட்டு வாரேன். ஒனக்கு எதுக்கு இந்தத் தண்ணிக் குழாயி?"

"நீங்க வெள்ளிய வச்சி வழியப் பாத்திய. நான் வெள்ளியவே பாக்கப் போறேன், அண்ணே" என்றாள் சித்தி.

மாமாவை இப்படி யாரும் மடக்கியதில்லை. அவர் மீசையைத் தடவிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். சனிக்கிழமை பொழுது சாயும்போது எல்லாரும் புறவாசலில் நிற்போம். வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சித்தி அந்தக் குழாயில் காட்டிவிட வேண்டும். காட்டிவிட்டால் அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்க மாட்டார். காட்டாவிட்டால்? "திங்கக்கிழம அதே பெட்டியில மடக்கி, வந்த லாரியிலயே ஏத்தி விட்ருவேன். பெட்டிய யாரும் கிழிச்சிராதிய."

பெட்டி கூடத்து மூலையில் நின்றது, சித்தியை முறைத்துக்கொண்டு.

சித்தி கையேட்டை மடியில் வைத்து, ஒரு வரி படிப்பாள், ஒரு திருகு முடுக்குவாள். கீழே சுற்றித் திரும்பும் ஒரு மரப்பெட்டி. அதன் மேல் பீரங்கி போலச் சாய்ந்து நிற்கும் குழாய். குழாயின் அடியில் ஒரு குழிந்த கண்ணாடி. வாய்ப்பக்கம் நட்டநடுவில் நாலு தகட்டுக் கால்களில் நிற்கும் இன்னொரு சின்னக் கண்ணாடி. பெரிய கண்ணாடி வெளிச்சத்தை வாரி மேலே அனுப்பும், சின்னது அதை மடக்கிப் பக்கவாட்டில் இருக்கும் ஓட்டைக்குத் தள்ளும். அங்கேதான் கண்ணை வைக்க வேண்டும். பலசரக்குக் கடை அண்ணாச்சி வேடிக்கை பார்க்க வந்தவர், நேராகப் போய்க் குழாயின் அடிப்பக்கம் குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, "ஒரே இருட்டால்ல கெடக்கு" என்றார். "அண்ணாச்சி, அது வேற பக்கம்" என்று சித்தி அவரை எழுப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை குழாயைத் தூக்கும்போது உள்ளே ஏதோ கடகடவென்று ஆடியது. லாரி ஆட்டத்தில் திருகு ஒன்று கழன்றிருந்தது. சித்தி அடிப்பக்கத்தைத் திறந்து, பெரிய கண்ணாடியை அதன் தட்டோடு வெளியே எடுத்துச் சாப்பாட்டு மேசையில் மல்லாக்க வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஃபோன் வந்தது. கண்ணாடியின் மேல் ஒரு மெல்லிய துணியைப் போட்டுவிட்டு, "யாரும் தொடாதிய" என்று சத்தமாகச் சொல்லிக் கிளம்பினாள்.

யாரும் என்பதில் நானும் சேர்த்தி என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மா பகல் தூக்கத்தில் இருந்தாள். மாமாவின் குறட்டை கூடத்தில் நங்கூரம் போட்டிருந்தது. நான் துணியை விலக்கிப் பார்த்தேன். என் மூக்கு பன் ரொட்டி அளவுக்குப் பெருத்துத் தெரிந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அழுக்கு. எங்கள் வீட்டிலிருந்து உப்பளம் கூப்பிடு தூரம். ஆடிக் காற்றில் ஜன்னல் கம்பியைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்தக் காற்று கண்ணாடியை மட்டும் சும்மா விடுமா? மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று படிந்திருந்தது. இந்த அழுக்கோடு சனிக்கிழமை மாமாவுக்கு எதைக் காட்ட முடியும்? சித்திக்குப் பாவம் திருகு முடுக்கத் தெரிகிறது, துலக்கத் தெரியவில்லை. நல்லவேளை, துலக்கத் தெரிந்த ஆள் வீட்டில் இருக்கிறது.

புளியையும் உப்பையும் எடுத்து வந்தேன்.

தொழில் தெரிந்தவள் என்பதால் நடுவில் கை வைக்கவில்லை. எப்போதும் ஓரத்தில் தொடங்கித்தான் உள்ளே போக வேண்டும். தேய்த்தேன். 'சரக்' என்றொரு சத்தம், பித்தளையில் கேட்காத சத்தம். தேய்த்த இடம் கறுத்தது. பித்தளையும் முதலில் கறுத்துத்தானே பிறகு மின்னும்? அதனால் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். ஈரத்துணியால் துடைத்தபோது மினுக்கம் வரவில்லை. இருந்த மினுக்கமும் அந்த இடத்தில் போயிருந்தது. ஒரு பெரிய காசு அளவுக்கு வெள்ளிப்பூச்சு கரைந்து, அடியில் இருந்த கறுப்புத் தட்டு தெரிந்தது. அதைச் சுற்றிப் பூனை பிறாண்டியதுபோல நாலைந்து கீறல்.

அதுவரைக்கும் நான் எத்தனையோ பொருளை உடைத்திருக்கிறேன். உடைந்ததை ஒளித்துவிடலாம். இதை எங்கே ஒளிப்பது? துணியை முன்பு கிடந்ததுபோலவே போட்டேன். மிச்சப் புளியை முருங்கை மரத்தடியில் புதைத்தேன். கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சித்தி வந்தாள். உடை மாற்றாமலேயே, "ஏளா, டார்ச்ச எடுத்து இங்கன கொஞ்சம் அடி" என்றாள். நான்தான் டார்ச் பிடித்தேன். என் குற்றத்துக்கு நானே வெளிச்சம் காட்டும்படி ஆயிற்று. சித்தி துணியை எடுத்தாள், கண்ணாடியைத் தூக்கினாள், முகத்துக்கு வெகு அருகில், மூக்கில் முட்டுகிற அளவுக்குக் கொண்டுபோனாள். பிறகு திரும்பி என் கையைப் பார்த்தாள்.

"டார்ச்ச நேராப் புடி."

அவ்வளவுதான். கண்ணாடியைக் குழாய்க்குள் வைத்து, திருகுகளை முடுக்கி, "பசிக்கி. நீ சாப்ட்டியா?" என்று கேட்டாள். நாள் முழுக்கத் தாள் தாளாகப் பார்த்துச் சித்திக்குக் கண் மங்கிவிட்டது என்று நான் முடிவுகட்டினேன்.

ஆனால் கண் மங்காத மாமா இருக்கிறாரே! கடலில் தொடுவானத்தில் புள்ளியாகத் தெரியும் தோணியை யாருடையது என்று சொல்லுகிறவர். சனிக்கிழமை அவர் கண்ணை வைத்ததும் வானத்தின் குறுக்கே பூனை பிறாண்டல் தெரியும். சித்தி தோற்பாள். பெட்டி லாரி ஏறும். எல்லாம் என் ஓர் உருண்டைப் புளியால். வெள்ளிக்கிழமை முழுக்கச் சோற்றைத் தொடாமல் மாதாவிடம் சனிக்கிழமைக்கு மழை கேட்டேன். ஆடியில் தூத்துக்குடிக்கு மழை என்றால் மாதாவே கொஞ்சம் யோசிப்பாள். யோசித்துவிட்டாள் போலிருக்கிறது, சனிக்கிழமை ஒரு பொட்டு மேகமில்லை.

வெயில் இருக்கும்போதே சித்தி குழாயைப் புறவாசலுக்குக் கொண்டுவந்தாள். குறிபார்க்க மேலே ஒரு சின்னக் குழாய் உண்டு. பெரியதும் சின்னதும் ஒரே இடத்தைப் பார்க்கும்படி பகலிலேயே சரிசெய்துகொள்ள வேண்டும். அதற்கு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியைப் பிடித்தாள். அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "எம்மா, சிம்னி தலகீழாத் தொங்குதே!" என்று பதறினார். இந்தக் குழாய் எதையும் தலைகீழாகத்தான் காட்டும், வானத்துக்கு மேலும் கீழும் கிடையாது என்று சித்தி சமாதானம் சொன்னாள். என்னைக் கூப்பிட்டபோது கண் வலி என்று சொல்லிக் கிணற்றுப் பக்கம் போய்விட்டேன்.

பொழுது சாய்ந்தது. அரை நிலா தலைக்கு மேல் நின்றது. முதலில் அம்மா கண்ணை வைத்தாள்.

"ஏ மாதாவே, இது என்ன இம்புட்டுத் தழும்பு!"

நான் கிணற்றுச் சுவருக்குப் பின்னால் போய்விட்டேன்.

"அக்கா, அது நிலாவுல உள்ள பள்ளம்" என்றாள் சித்தி. "எல்லாருக்கும் அப்பிடித்தான் தெரியும்."

தலையை மட்டும் வெளியே நீட்டினேன். ஆனால் மாமா அசையவில்லை. "நிலாவ நான் தெனம் பாக்கேன். வேற காட்டு."

சித்தி குழாயை மேற்கே திருப்பினாள். அங்கே மற்ற நட்சத்திரங்களைப்போல மினுங்காமல் ஒரு வெள்ளி எரிந்துகொண்டிருந்தது. மாமா சிரித்துவிட்டார். "இதா? இது ஊர்சுத்திப் பய. இந்த வருசம் இங்கன நிப்பான், அடுத்த வருசம் வேற எடத்துல நிப்பான். இவன நம்பித் தோணிய விட்டா நேரா பாறையிலதான் ஏறணும்."

"அந்த ஊர்சுத்தியத்தான் பாருங்க, அண்ணே."

மாமா குனிந்தார். கண்ணை வைத்தார். எடுத்தார். துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்தார். பிறகு குழாயின் வாய்ப்பக்கம் போய், சட்டைப் பையிலிருந்த சின்ன டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தார்.

"என்னண்ணே தேடுதிய?"

"வட்டம் போட்டு, நடுவுல பந்து வச்சி, படம் கிடம் ஒட்டி வச்சிருக்கியா?" என்றவர், இன்னும் உள்ளே குனிந்தார். "ஏளா... அடிக் கண்ணாடில, ஓரத்துல என்னமோ கறுப்பாக் கெடக்கே. அரிச்ச மாதிரி."

எப்படியோ சித்தியின் பக்கத்தில் போய் நின்றிருந்தேன்.

"அது கம்பெனிக்காரன் வச்ச குறிண்ணே" என்றாள் சித்தி, சாதாரணமாக. "கண்ணாடிய நேரா உக்கார வைக்கதுக்கு."

மாமா அதை விட்டார். டார்ச்சை நடுவில் நின்ற சின்னக் கண்ணாடியின் மேல் தட்டினார். "சரி, இது குறுக்க நிக்குதே. இம்புட்டுப் பெரிசு. இதோட நெழலு படத்துல விழாதா?"

"விழாது. ஒரு கண்ணாடி முழுசும் சேந்துதான அந்தப் படத்தக் காட்டுது" என்றாள் சித்தி. சொல்லும்போது அவள் கை என் தலையில் இருந்தது. "நடுவுல மறச்சாலும் சரி, ஓரத்துல ஒரு பொட்டு போயிருந்தாலும் சரி. வெளிச்சம்தான் துளி கொறையும். படம் முழுசாத்தான் வரும். அதுக்காக யாரும் ரெண்டு நாளு சோறு திங்காமக் கெடக்க வேண்டியதில்ல."

மாமா மறுபடியும் கண்ணை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை. பின்னால் அண்ணாச்சி, "தண்டல், எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்று முணுமுணுத்தார். கடைசியில் மாமா நிமிர்ந்தபோது அவர் குரல் வேறாக இருந்தது. "முப்பது வருசமா இவன வெளங்காத பயன்னு ஏசியிருக்கேன். தலயச் சுத்தி வட்டத்தப் போட்டுக்கிட்டு பேசாம இருந்திருக்கான் பாரு." பிறகு வீட்டைப் பார்த்துக் கத்தினார்: "அந்த அட்டப்பெட்டிய நாளைக்கே பழைய பேப்பர்க்காரன்கிட்ட போட்டு விடுங்க. கூடத்துல எடத்த அடைக்கி!"

என் முறை வந்தது. கண்ணை வைத்தேன். கறுப்பில், விரல் நகத்தைவிடச் சின்னதாக, வளையம் மாட்டிய ஒரு மஞ்சள் முத்தாகச் சனிக் கிரகம். அதை அப்போது யார் ரசித்தார்கள்? நான் கீறலைத் தேடினேன். மேலே, கீழே, வளையத்தின் ஓரத்தில். எங்கேயும் இல்லை. பூனையும் இல்லை, பிறாண்டலும் இல்லை. நெஞ்சில் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி எடுத்துவிட்டதுபோல இருந்தது. அன்றைக்கு மாமா வாங்கி வந்த மக்ரூனில் பாதியை நானே தின்றேன்.

புண் ஆறுவதுபோலக் கண்ணாடியும் ஆறிவிட்டது என்றுதான் நினைத்தேன். மழை கேட்டதற்கு மாதா இதைச் செய்துகொடுத்துவிட்டாள். நன்றியாக அந்தத் திருவிழாவுக்கு மெழுகுதிரித் தண்டுகளை இரண்டு தடவை துலக்கினேன். கூடவே சித்தியின் மேல் கொஞ்சம் இரக்கமும் வந்தது. இவ்வளவு படித்தவள், என் புளிக் கறையைப் போய்க் கம்பெனிக் குறி என்று நம்பிக்கொண்டிருக்கிறாளே!

இப்போது அந்தக் குழாய் என் வீட்டு மாடியில் இருக்கிறது. சித்தி இன்னும் பெரிதாக ஒன்று வாங்கிக்கொண்டு இதை எனக்குத் தள்ளிவிட்டாள். போன மாதம் தூசி தட்ட முதல் தடவையாக அடிப்பக்கத்தை நானே திறந்தேன். கம்பெனிக் குறி இருந்தது. கண்ணாடியின் சரியாக நடுவில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சின்ன வளையமாக. என்னுடையது ஓரத்தில், வைத்த இடத்தில், ஆறாமல் அப்படியே இருந்தது.

அன்றைக்குச் சித்தி செய்ததுபோல முகத்துக்கு வெகு அருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். அவ்வளவு பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மூக்குக்குத்தான் தெரியும்.